மலை இல்லாத ஊருக்கு ஒரு சக்கரம்

சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. அதன் உயரம் 163.63 மீட்டர். 2008ஆம் ஆண்டு மரீனா விரிகுடாக் கரையில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் ஃபிளையர் என்னும் ராட்சதச் சக்கரத்தின் உச்சி 165 மீட்டர். நாட்டின் தலைமேட்டைவிட மூன்று முழம் கூடுதல். மேடு இல்லாத நாடு தனக்கு வேண்டிய மேட்டைக் காசு போட்டுக் கட்டிக்கொண்டது. இத்தகைய சக்கரங்கள் எழுந்த மற்ற ஊர்களைப் பார்த்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்: ஏரிக்கரையில் தட்டையாகக் கிடக்கும் சிகாகோ, ஆற்றோரத்து லண்டன், துறைமுகக் கரையில் யோகோஹாமாவும் ஒசாகாவும், கடலுக்கும் பாலைக்கும் நடுவே துபாய்.

கொங்கு நாட்டில் கதை வேறு. பெருந்துறையில் நின்று தெற்கே பார்த்தால் சென்னிமலை தெரியும். 1,320 படி ஏறினால் முருகனும் உண்டு, சுற்றுப்பட்டு ஊர்களும் கண்ணுக்குக் கீழே உண்டு. படி ஏற முடியாதவர்களுக்கு வண்டிப் பாதை இருக்கிறது. அந்தப் பக்கம் சிவன்மலை, கிழக்கே திருச்செங்கோடு, கோவைக்கு மருதமலை, தெற்கே போனால் பழனி. கொங்கு நாட்டின் எல்லையே மலைகளால் ஆனது. வடக்கே பர்கூர், தாளவாடி, மேற்கே நீலகிரி, வெள்ளியங்கிரி, தெற்கே ஆனைமலை. உயரத்தில் நின்று ஊரைப் பார்க்கும் வழக்கம் இங்கே சாமி கும்பிடுவதோடு சேர்ந்தே வந்துவிட்டது. அதற்கெனத் தனியாக ஒருவர் சீட்டு விற்றால் வாங்க ஆள் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் ராட்டினம் வராத பெரிய நோம்பி (திருவிழா) எதுவும் இங்கே கிடையாது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாவுக்குக் குதிரையும் மாடும் வந்து இறங்கும்போதே லாரிகளில் ராட்டினமும் வந்து இறங்கும். டெல்லி அப்பளம், மரணக் கிணறு, கொலம்பஸ் கப்பல், டிராகன் ரயில், இவற்றுக்கெல்லாம் மேலே குழல்விளக்குகளோடு சுழலும் ஜெயன்ட் வீல், பெரியவர்கள் வாயில் ராட்டாந்தூரி. அதில் ஏறுபவர்கள் ஊரைப் பார்க்கவா ஏறுகிறார்கள்? பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். இறங்கிய பிறகு கேட்டால், “கீழ எறங்கறப்பதானுங்க வவுத்துக்குள்ள என்னமோ பண்ணுது” என்பார்கள். அந்த “என்னமோ”தான் சரக்கு.

ஒரே உருவம் கொண்ட இரண்டு எந்திரங்கள் இவை. ஒன்று பார்வையை விற்கிறது, மற்றொன்று பயத்தை விற்கிறது. ராட்சதச் சக்கரங்களின் வரலாற்றை உயரங்களின் பட்டியலாகவே எழுதிக்கொண்டு போவது வழக்கம். அந்த வரலாற்றில் அடிக்கடி வரும் கடன், திவால், டைனமைட் வெடி ஆகியவற்றுக்கு அந்தப் பட்டியலில் விளக்கம் இல்லை. எதை விற்கிறோம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் ஓரளவு விளங்குகிறது.

முதலில் அந்த “என்னமோ”வைக் கணக்காகப் பார்த்துவிடலாம். 15 மீட்டர் விட்டமுள்ள நோம்பி ராட்டினம் ஒன்று நிமிடத்துக்கு 6 சுற்றுச் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஓரத்தின் வேகம் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். வட்டத்தில் போகும் எதையும் மையத்தை நோக்கி ஒரு விசை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே அது புவியீர்ப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு. உச்சியைக் கடக்கும்போது அந்த அளவு எடை குறைந்ததாக உடம்புக்குத் தோன்றும், அடியைக் கடக்கும்போது அந்த அளவு கூடும். 60 கிலோ ஆள் மேலே 42 கிலோவாகவும் கீழே 78 கிலோவாகவும் பத்து விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கிறார். வயிறு அதைத்தான் சொல்கிறது.

இதே கணக்கை லண்டன் ஐ சக்கரத்துக்குப் போட்டால் ஒன்றுமே மிஞ்சாது. 120 மீட்டர் விட்டம், ஓரத்தின் வேகம் விநாடிக்கு 26 சென்டிமீட்டர். எடையில் வரும் மாற்றம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. கண்ணை மூடிக்கொண்டால் அசைவதே தெரியாது. சக்கரம் பெரிதாகப் பெரிதாகப் பயம் வற்றிப்போகிறது. மிஞ்சுவது சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பது மட்டும்.

சிறிய ராட்டினமே மூத்தது. 1615இல் கான்ஸ்டான்டிநோபிளில் ரமலான் விழாவைப் பார்த்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வால்லே, அங்கே மக்களை ஏற்றிச் சுழன்ற பெரிய சக்கரத்தில் தானும் ஏறியதை எழுதி வைத்திருக்கிறார். ஐந்து ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயப் பயணி பீட்டர் மண்டி, இன்று பல்கேரியாவில் பிளாவ்டிவ் எனப்படும் ஊரில் அதே வகைச் சக்கரத்தைக் கண்டு படம் வரைந்தார். இரண்டுமே விழாக்களில் கண்டவை, இரண்டுமே மரத்தாலானவை, ஆள் பலத்தில் ஓடியவை. நம் ஊர்த் திருவிழாக்களில் நான்கு பெட்டி கட்டிக் கையால் தள்ளிவிடும் தொட்டில் ராட்டினமும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

பார்வையை விற்கும் சக்கரத்துக்குப் பிறந்த தேதி சொல்ல முடியும்: 1893 ஜூன் 21, சிகாகோ. கொலம்பஸ் அமெரிக்கா சேர்ந்த நானூறாவது ஆண்டுக்காக நடந்த உலகக் கண்காட்சி அது. சேதுபதி மன்னரும் சென்னை அன்பர்களும் கைகொடுக்க விவேகானந்தர் போய்ப் பேசிய சர்வமதப் பேரவை அதே கண்காட்சியையொட்டி அந்த செப்டம்பரில் நடந்ததுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் தன் கண்காட்சிக்கு ஐஃபல் கோபுரத்தைக் கட்டிவிட்டது. அதற்கு ஈடாக ஒன்று வேண்டும் என்று சிகாகோவின் கட்டடப் பொறுப்பாளர் டேனியல் பர்னம் பொறியாளர்களைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தார். வந்த யோசனைகளில் பல, ஐஃபலைவிட இன்னும் உயரமான கோபுரம் என்பதாகவே இருந்தன. ஜார்ஜ் வாஷிங்டன் கேல் ஃபெரிஸ் என்ற இளம் பாலப் பொறியாளர் மட்டும் சுற்றும் ஒன்றைக் கொண்டுவந்தார். நிற்காது, கவிழும் என்று முதலில் கையை விரித்தார்கள். அனுமதி கிடைத்தது 1892 டிசம்பரில். கண்காட்சி தொடங்க ஐந்து மாதம்கூட இல்லை.

சிகாகோவின் குளிர்காலத்தில் உறைந்த மண்ணை நீராவி விட்டு இளக்கி, அடியிலிருந்த புதைமணலைத் தாண்டி அஸ்திவாரம் போட்டார்கள். அச்சு மட்டும் 45 அடி நீளம், 40 டன்னுக்கு மேல்; ஒரே துண்டாக அடித்து உருவாக்கியது. அதுவரை அவ்வளவு பெரிய எஃகுத் துண்டை யாரும் அடித்ததில்லை என்றார்கள். சக்கரத்தின் உயரம் 264 அடி, அதாவது 80 மீட்டர். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர், எல்லாம் நிரம்பினால் ஒரே நேரத்தில் 2,160 பேர். 1,000 குதிரைத்திறன் கொண்ட நீராவி எஞ்சின் ஓட்டியது, இன்னொன்று மாற்றுக்குக் காத்திருந்தது. கண்காட்சி மே 1 அன்று தொடங்கிவிட, சக்கரம் ஐம்பத்தொரு நாள் தாமதமாகத்தான் சுழன்றது. கட்டணம் 50 சென்ட், கண்காட்சிக்குள் நுழையக் கொடுக்கும் அதே தொகை. இரண்டு சுற்றுக்கு 20 நிமிடம். பயம் காட்டும் வேகம் அதில் துளியும் இல்லை. ஆனால் விமானம் பிறப்பதற்குப் பத்தாண்டு முந்தைய காலம் அது. சாதாரண மனிதர் தன் நகரத்தை மேலிருந்து பார்ப்பது என்பதே புதுமை. 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தத் தொழிலின் முழு ஜாதகமும். கண்காட்சி முடிந்ததும் கூட்டம் போய்விட்டது, சக்கரம் நிற்கிறது. லாபப் பங்கு தொடர்பாக ஃபெரிஸுக்கும் கண்காட்சி நிர்வாகத்துக்கும் வழக்கு. 1895இல் பிரித்துக் கொண்டுபோய் நகரின் வடபகுதியில், குடியிருப்புக்கு நடுவே நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், வருமானமும் இல்லை. 1896 நவம்பரில் டைஃபாய்டு காய்ச்சலில் ஃபெரிஸ் இறந்தபோது வயது 37. 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்காக மறுபடி பிரித்து மறுபடி பூட்டினார்கள். அது முடிந்த பிறகு ஏற்றிப்போகக்கூட ஆள் இல்லாமல் 1906 மே மாதம் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் 1895இல் நிறுத்திய 94 மீட்டர் சக்கரமும் 1907இல் பிரிக்கப்பட்டது. 1900 பாரிஸ் கண்காட்சிக்குக் கட்டியதும் இப்போது இல்லை. அந்தத் தலைமுறையில் இன்றும் சுழல்வது வியன்னாவில் 1897இல் எழுந்த 64.75 மீட்டர் ரீசன்ராட் ஒன்றுதான். அதையும் யாரும் பாசத்தால் காப்பாற்றவில்லை. 1916இல் இடிக்க அனுமதி வாங்கியாகிவிட்டது, இடிக்கக் கையில் பணம் இல்லை. பின்னாளில் அதற்கு உரிமையாளரான யூத வணிகர் எடுவார்ட் ஸ்டைனர் 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு சக்கரமும் எரிந்தது. போருக்குப் பின் 1947இல் மீண்டும் ஓட்டியபோது 30 பெட்டிகளில் 15ஐ மட்டுமே பூட்டினார்கள். இன்றும் அந்தப் பதினைந்துதான்.

சிகாகோ சக்கரத்தில் ஏறிய லட்சக்கணக்கானோரில் வில்லியம் சல்லிவன் என்பவரும் ஒருவர். பாலம் கட்டுவது தொழில். அவருக்கு அதன் உயரத்தைவிட அமைப்புதான் பிடித்துப்போனது. ஊருக்குப் போய் யோசித்து, பிரித்துப் பூட்டி ஊர் ஊராகக் கொண்டுபோகும்படி சிறிய சக்கரம் ஒன்றைச் செய்தார். 1900ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலம் ஜாக்சன்வில்லில் அது முதன்முதலாக ஓடியது. 1906இல் அவர் தொடங்கிய ஈலை பிரிட்ஜ் கம்பெனி அதையே தொழிலாக்கி நிலைத்தது. ஃபெரிஸின் பெயர் உலகெங்கும் நிற்கிறது. பணம் பார்த்தது சல்லிவன் வகைதான். கூட்டம் இருக்கும் இடத்துக்குச் சக்கரம் போக வேண்டும், கூட்டம் கலைந்தால் தானும் கிளம்ப வேண்டும். அந்தியூரிலிருந்து ஈரோட்டுக்கும் அங்கிருந்து கோவைப் பொருட்காட்சிக்கும் நகரும் நம் ராட்டினக்காரர்களின் கணக்கும் இதேதான்.

எண்பது ஆண்டுத் தூக்கத்துக்குப் பிறகு பெரிய சக்கரத்தை எழுப்பியவர்கள் ஜப்பானியர்கள். 1989இல் யோகோஹாமாவில் 107.5 மீட்டரில் காஸ்மோ கிளாக் 21. நகரத்துக்கே மணி காட்டும் கடிகாரமாகவும் அது வேலை செய்தது. 1997இல் ஒசாகாவின் டெம்போசான் 112.5 மீட்டர், 1999இல் டோக்கியோ 115. இவற்றை வேகமாகக் கடந்து போகலாம். நின்று பார்க்க வேண்டியது லண்டனை.

டேவிட் மார்க்ஸ், ஜூலியா பார்ஃபீல்ட் என்ற கட்டடக் கலைஞர் தம்பதி 1993இல் ஒரு போட்டிக்காக லண்டன் ஐ சக்கரத்தை வரைந்தார்கள். புத்தாயிரம் ஆண்டுக்கு லண்டனில் என்ன கட்டலாம் என்பது போட்டி. யாருக்கும் பரிசில்லை என்று நடுவர்கள் முடித்துவிட்டார்கள். தம்பதியர் விடவில்லை, பிரிட்டிஷ் ஏர்வேஸைப் பிடித்துத் தாங்களே கட்டினார்கள். அமைப்பு சைக்கிள் சக்கரம் போன்றது. கனமான உத்திரங்கள் ஓரத்தைத் தாங்குவதில்லை, இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் ஓரத்தை நடுவோடு பிணைத்து வைத்திருக்கின்றன. (ஃபெரிஸின் சக்கரமும் உள்ளுக்குள் இதே தத்துவத்தில் நின்றதுதான், முதலில் அவரை நம்பாதவர்களுக்குப் புரியாதது இதுவே.) இரண்டு கால்களும் ஒரே பக்கம், கரைமேல். சக்கரம் தேம்ஸ் ஆற்றின்மேல் தொங்குகிறது. துண்டு துண்டாகப் படகில் கொண்டுவந்து, ஆற்றின்மேல் படுக்கவைத்துப் பூட்டி, பிறகு தூக்கி நிறுத்தினார்கள். 1999 செப்டம்பரில் முதல் முயற்சி வடம் நழுவியதால் தோற்றது, அடுத்த மாதம் நின்றது.

நம் ராட்டினத்தில் பெட்டி ஓரத்துக்குள்ளே தொங்கும். தன் எடையாலேயே நிமிர்ந்திருக்கும், அதனால் ஆடும். லண்டனில் 32 கண்ணாடிக் கூண்டுகளும் ஓரத்துக்கு வெளியே பொருத்தப்பட்டவை, ஒவ்வொன்றையும் மோட்டார் திருப்பி நிமிர்த்தி வைக்கிறது. பார்வையை எந்தக் கம்பியும் மறைக்காது, கூண்டும் ஆடாது. பயத்தைக் கடைசித் துளி வரை துடைத்தெடுத்த பொறியியல் இது. கூண்டுக்கு 25 பேர், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். ஏற்றி இறக்கவும் நிற்பதில்லை. அவ்வளவு மெதுவாகப் போவதால் நடந்தே ஏறிக்கொள்ளலாம்.

ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று வந்த சக்கரம் நிலைத்துவிட்டது. உடனே நிலத்துக்காரர் வந்தார். சக்கரத்தின் பிடிமானத்தில் ஒரு பகுதி சவுத் பேங்க் மையத்தின் இடத்தில் இருந்தது. சில பத்தாயிரம் பவுண்டாக இருந்த ஆண்டு வாடகையை 25 லட்சமாக்க வேண்டும் என்று 2005இல் காலி செய்யும் அறிவிப்பே கொடுத்துவிட்டார்கள். பேரம் படிந்து 2006இல் 25 ஆண்டுக் குத்தகை ஆனது. தேனி வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் ராட்டினம் போடும் உரிமைக்கு நடக்கும் ஏலச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. உச்சத்தில் கேட்டவர் அந்தத் தொகையைச் சில நாட்களில் எடுத்தாக வேண்டும்; சீட்டு விலை அங்கேதான் தீர்மானமாகிறது. தேம்ஸ் கரையானாலும் கோயில் திடலானாலும் ராட்டினத்தில் முதலில் ஏறி உட்கார்வது நிலத்தின் வாடகைதான்.

லண்டனின் வெற்றியைப் பார்த்து எல்லா நகரமும் ஒன்று கேட்டது. சிங்கப்பூரும் அதில் இறங்கியது. 24 கோடி சிங்கப்பூர் டாலர் செலவு, மூன்று மாடிக் கட்டடத்தின்மேல் 150 மீட்டர் விட்டத்தில் சக்கரம், 28 கூண்டு, கூண்டுக்கு 28 பேர். எட்டு ராசியான எண் என்பதால் தொடக்க இரவுகளின் சீட்டு 8,888 டாலருக்குப் போனது. சில மாதங்களிலேயே ஃபெங் சுயி வல்லுநர்கள் சொன்னதால் சுழலும் திசையை மாற்றினார்கள். நகரத்தின் செல்வத்தை வெளியே தள்ளும் திசையில் சுற்றியதாம். வாஸ்துவுக்காக வாசலை மாற்றி வைக்கும் நமக்கு இதில் சிரிக்க உரிமை இல்லை.

திறந்த அதே 2008இன் டிசம்பர் 23 அன்று கட்டுப்பாட்டு அறையில் தீப்பிடித்துச் சக்கரம் நின்றது. 173 பேர் மேலே ஏறக்குறைய ஆறு மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். சிலரைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். மாற்று ஏற்பாடுகளைச் சேர்த்துத் திறக்க ஒரு மாதம் ஆனது. ஆனால் ஃபிளையரை விழத்தட்டியது அந்த விபத்து என்று எனக்குத் தோன்றவில்லை. 2010இல் எதிர்க்கரையில் மரீனா பே சேண்ட்ஸ் எழுந்தது. 57 மாடி, அதன் தலையில் தோட்டமும் நீச்சல் குளமும், அதே விரிகுடா, அதைவிட உயரம், நின்று நிதானமாகப் பார்க்கலாம். பார்வை மட்டுமே சரக்கு என்றால், பக்கத்தில் உயரமாக ஒன்று எழும்போது அந்தச் சரக்கின் விலை போய்விடுகிறது. 2013இல் ஃபிளையர் கடன்காரர்கள் கைக்குப் போனது. 2014இல் ஸ்ட்ராகோ நிறுவனம் முன்னின்று 14 கோடி டாலருக்கு வாங்கியது. முதலீட்டில் 10 கோடி கழிந்த விலையில் வந்தவர்களால் இன்று அதை ஓட்ட முடிகிறது.

மற்ற ஊர்களின் நிலைமை இதைவிட மோசம். பெர்லினும் பெய்ஜிங்கும் அறிவித்த சக்கரங்கள் எழவே இல்லை. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் 190 மீட்டரில் திட்டமிட்டதற்குக் கால்கள் வந்து இறங்கிய பிறகும் 2018இல் கைவிட்டார்கள். மெல்போர்னில் 120 மீட்டர் சக்கரம் 2008 டிசம்பரில் திறந்து நாற்பதே நாளில் விரிசல் கண்டு மூடியது. சீர்செய்து திறக்க 2013 டிசம்பர் ஆனது. 2021இல் நிரந்தரமாக மூடினார்கள். உலகின் மிக உயரமான ஐன் துபாய், 250 மீட்டர், 2021 அக்டோபரில் திறந்து அடுத்த மார்ச்சில் நின்றது. மறுபடி ஓடியது 2024 டிசம்பரில். டெல்லியில் யமுனைக்கரைக் காளிந்தி குஞ்சில் சுமார் 45 மீட்டர் உயர டெல்லி ஐ கட்டி முடித்த பிறகும் அனுமதிச் சிக்கல்களால் 2014 வரை காத்திருந்தது.

உயரத்துக்கான போட்டியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. தொடுவானம் எவ்வளவு தூரம் என்று அறிய, உயரத்தின் மீட்டர் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் கிடைக்கும். 15 மீட்டர் ராட்டின உச்சியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். 165 மீட்டரிலிருந்து 46. துபாயின் 250 மீட்டரிலிருந்து 56. உயரம் பதினோரு மடங்கு கூடினால் தூரம் மூன்று மடங்குதான் கூடுகிறது. சிங்கப்பூரைவிட 85 மீட்டர் கூட்டி துபாய் வாங்கியது பத்துக் கிலோமீட்டர். அதிலும் பெரும்பகுதி கடல்.

பெருந்துறையில் 165 மீட்டர் சக்கரம் நின்றால் என்ன தெரியும்? ஈரோடும் பவானியும் சென்னிமலையும் அந்த 46 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். சிப்காட் தொழிற்பேட்டை, சேலம்–கொச்சி நெடுஞ்சாலை, பழைய காசநோய் சானடோரியமாக இருந்து மருத்துவக் கல்லூரியான வளாகம் காலடியில் இருக்கும். இவற்றுக்காக யாரும் சீட்டு வாங்க மாட்டார்கள். ஒன்றே ஒன்று மட்டும் தரையில் நின்று பார்க்க முடியாதது: கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் தரும் வாய்க்கால் இந்த ஊரை ஒட்டித்தான் போகிறது. வாய்க்காலுக்குக் கீழே நெல்லும் மஞ்சளும் தென்னையும், மேலே மானாவாரி மேட்டுக்காடு. ஒரே ஊரில், சில சமயம் ஒரே குடும்பத்தில், வசதியைப் பிரித்த கோடு அது. தண்ணீர் விடும் மாதங்களில் அந்தக் கோட்டை மேலிருந்து பார்ப்பதற்கு நான் காசு கொடுப்பேன். என்னைப் போல எத்தனை பேர் தேறுவார்கள் என்று கேட்டால், திட்ட அறிக்கை அங்கேயே முடிந்துவிடும்.

கோவை போன்ற நகரத்துக்கு ஆசை இருந்தால் நடுவழி ஒன்று உண்டு. பாரிஸில் 2000ஆம் ஆண்டுக்காக நிறுத்திய 60 மீட்டர் சக்கரத்துக்கு நிரந்தர அஸ்திவாரமே கிடையாது. அடித்தளத் தொட்டிகளில் 40,000 லிட்டர் தண்ணீர் நிரப்பி அதையே எடையாக வைத்து நிற்கும், 72 மணி நேரத்தில் பூட்டிவிடலாம். பாரிஸ் போதும் என்றதும் அது ஊர் ஊராகக் கிளம்பிவிட்டது. கோலாலம்பூர் தித்திவாங்சா ஏரிக்கரையில் 2007இல் சுற்றுலா ஆண்டுக்காக நிறுத்திய ஐ ஆன் மலேசியாவும் 60 மீட்டர்தான். அங்கே ஓடி முடித்து மலாக்காவுக்குப் போனது. நகராத சக்கரத்துக்கு இடமும் கடனும் தேடுவதைவிட, பொருட்காட்சி நடக்கும் மாதங்களுக்கு வந்துபோகும் சக்கரம் நம் பழக்கத்துக்குப் பொருந்தும்.

அதற்கும் முன்னால், ஏற்கெனவே வந்துபோகும் சக்கரங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. பெரிய சக்கரத்தை ஒருமுறை பூட்டி, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள். நோம்பி ராட்டினம் ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் பிறக்கிறது. ஒருவாரம் முன்பு வரை வேறு மண்ணில் நின்றது, இன்று உழுது ஆறப்போட்ட காட்டிலோ மழை ஊறிய திடலிலோ கட்டைகளை அடுக்கி மட்டம் பார்த்து நிறுத்தப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அதே போல்ட்டுகளைக் கழற்றி மாட்டுவதால் தேய்மானம் அதிகம். போலீஸ் உரிமம், தீயணைப்புத் துறை, பொதுப்பணித் துறைப் பொறியாளர் சான்று எல்லாம் உண்டு. ஆனால் சான்றுக்காகப் பார்ப்பது பெரும்பாலும் பகலில், பெட்டிகள் காலியாக நிற்கும்போது. கூட்டம் ஏறுவது இரவில்.

ஏறுவதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு. அடிக்கட்டைகள் ஒரு பக்கம் அமுங்கியிருக்கின்றனவா, சக்கரம் சுற்றும்போது பக்கவாட்டில் ஆடுகிறதா, பெட்டியின் முன்கம்பிக்குக் கொக்கியோடு பின் இருக்கிறதா, இல்லை கயிறு கட்டியிருக்கிறதா, ஜெனரேட்டரும் டீசல் கேனும் வரிசை நிற்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கின்றனவா என்பவை. ஆள் ஏற்றும் முறையும் நிறையச் சொல்லும். தேர்ந்த ராட்டினக்காரர் அடுத்தடுத்த பெட்டிகளை வரிசையாக நிரப்ப மாட்டார். ஒரு பெட்டியை நிரப்பி, பாதி சுற்று விட்டு, எதிர்ப்பெட்டியை நிரப்புவார். கூட்டத்தின் அவசரத்தில் வந்தவரை வந்த வரிசையில் ஏற்றினால் ஒரு பக்கம் பாரம் கூடி மோட்டார் திணறும், பிரேக் வழுக்கும். சமமாக ஏற்றிய சக்கரத்தை மின்சாரம் போனாலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கையாலேயே திருப்பி எல்லாரையும் இறக்கிவிடலாம். சிங்கப்பூரில் அந்த இரவில் முடியாமல் போனது இது. அந்த ஏற்பாடு உண்டா என்று தெரிந்துகொள்ள எந்தச் சான்றிதழும் தேவையில்லை. சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடலாம்: “ஏனுங்க, கரண்டு போச்சுன்னா எப்படி எறக்குவீங்க?”